அத்தான் பிசைந்த மாவு

என் அத்தானுக்கு இந்த உலகத்தில் கண்ணில் காட்டக் கூடாதது ஒன்றே ஒன்றுதான்: யாராவது உட்கார்ந்திருப்பது. பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்து வருகிறவர்களைக் கூட, தன் சட்டைப் பையில் கை விட்டவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார். நான் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். உட்கார்ந்துதான் எனக்குச் சம்பளம். ஆகவே நான் வேலையே செய்வதில்லை என்பது அவருடைய அசைக்க முடியாத கருத்து. "அவளுக்கென்ன, நாற்காலி சம்பாதிக்குது, இவ வாங்கிக்கறா" என்று என் அக்காவிடம் சொல்வார். என் காதில் விழும்படிதான் சொல்வார்.

அத்தான் ஒரு ரெடிமேட் துணித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையை மடித்து, அட்டை வைத்து, உறையில் போட்டு, பெட்டியில் அடுக்குகிற பிரிவு அது. அங்கே வேலை செய்த பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'எந்திரி சார்'. அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுதான். அது கிண்டல் என்று தெரிந்தும், ஏதோ மாலை போட்டு மேடையில் கொடுத்த பெயர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் நின்றபடியே செய்தித்தாள் படிக்கிறார், நின்றபடியே டிவி பார்க்கிறார். ஓய்வு பெற்றது அவர் காலுக்கு இன்னும் தெரியாது.

அவருக்கு ஒரு வாழ்க்கைச் சாதனையும் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் கேட்காமல் வாசலைத் தாண்ட முடியாது.

"அப்பல்லாம் பேக்கிங்ல எல்லாருக்கும் ஸ்டூல். உக்காந்து உக்காந்து கை மந்தமாயிடுச்சு. ஒருத்தி மட்டும் நாளு முழுக்க நின்னுக்கிட்டே பண்ணிட்டிருந்தா. நான் கவனிச்சேன். மத்தவளுங்களை விட அவதான் வேகம். சரிதான்னு மறுநாளே எல்லா ஸ்டூலையும் தூக்கி குடோன்ல போட்டேன். முதலாளி கூப்பிட்டு ஷீல்டு குடுத்தாரு. அந்த ஒருத்தி யாருன்னு நினைக்கிறீங்க?"

இந்த இடத்தில் அவர் கை அக்கா பக்கம் நீளும். அக்கா டீத் தட்டோடு நின்றுகொண்டிருப்பாள். வந்தவர்கள் கை தட்டுவார்கள். அக்கா தரையைப் பார்த்துச் சிரிப்பாள். நான் மட்டும் அந்த ஷீல்டைப் பார்ப்பேன். டிவிக்கு மேலே, தூசி படாமல் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. ஸ்டூல் தூக்கியதற்கு ஷீல்டு வாங்கிய மனிதர் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும்.

அப்படித்தான் கல்யாணமும் நடந்தது. நிற்கத் தெரிந்த பெண் என்று இவர் தேர்ந்தெடுத்தார். சூப்பர்வைசர் மாப்பிள்ளை என்று எங்கள் வீட்டில் தலைகால் புரியவில்லை. அக்காவை யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவர்கள் வீட்டில் நாற்காலிகள் இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஹால் மூலையில் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார். அதன் தலையில் பழைய பேப்பர் கட்டு. விருந்தாளி வந்தால் பேப்பர் கட்டை இறக்கி, அவருக்கு மட்டும் ஒன்றை உருவித் தருவார். அவர் போனதும் மறுபடி அடுக்கு, மறுபடி கட்டு. அக்கா அடுப்புப் பக்கம் நின்று, தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடுவாள். நான் அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். லீவு நாளில் என் தலைக்கு மேல் காலையிலிருந்து அவள் காலடிச் சத்தம் நிற்கவே நிற்காது. அத்தான் மேல் எனக்கு எவ்வளவு எரிச்சலோ, அதில் பாதி அக்கா மேலும் உண்டு. எந்திரி என்று ஒருத்தர் சொன்னால், எந்திரிக்க ஒருத்தி இருந்ததால்தானே அவர் பிழைப்பு ஓடியது!

இப்படிப்பட்ட வீட்டில் அக்காவுக்கென்று இருந்த ஒரே சங்கதி ஜாம் பிஸ்கட். முன்பு பக்கத்து வீட்டில் ஒரு ஹோட்டல் பேக்கரிக்காரர் குடியிருந்தார். அவர் மனைவி சொல்லிக் கொடுத்தது. கிரீம் சீஸ் என்று டப்பாவில் வருகிறதே, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் மாதிரி மெத்தென்று இருக்கும், அதையும் வெண்ணெயையும் மைதாவையும் சேர்த்து மாவு. மாவில் சர்க்கரை துளி கூடக் கிடையாது. இனிப்பு எல்லாம் ஜாமின் பொறுப்பு. மெல்லிசாகத் தேய்த்து, சதுரமாக வெட்டி, நடுவில் கொஞ்சம் ஜாம் வைத்து, எதிரெதிர் மூலை இரண்டையும் மடித்து ஒட்டி ஓவனில் வைப்பாள். ஆறிய பிறகு மேலே சர்க்கரைப் பொடி தூவுவாள். வாயில் போட்டால் பல்லுக்கு வேலையே இல்லை. இதைச் சொல்கிறவள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள்.

"மாவுக்குள்ள ஜாமை வைக்கறதெல்லாம் ஒரு வேலையா? சின்னப் பிள்ளைங்க மண்ணுல விளையாடற மாதிரி" என்பார் அத்தான். சொல்லிக்கொண்டே தட்டிலிருப்பதை ஒன்று விடாமல் உள்ளே தள்ளுவார். அதுவும் நின்றபடிதான்.

தெருமுனையில் ஒரு டீக்கடை இருக்கிறது. டீயோடு பன்னும் கேக்கும் விற்கிற கடை. அதன் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. அது அக்காவின் ஜாடி. கடைக்கு வருகிறவர்கள் 'அக்கா பிஸ்கட் இருக்கா' என்றுதான் கேட்பார்கள், அக்கா யாரென்று தெரியாதவர்கள் கூட. கடைக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இரண்டாவது கடை திறக்கப் போவதாகவும், அங்கேயும் அவளுடைய ஜாடியை வைக்கப் போவதாகவும் சொல்லியிருந்தார். அதை என்னிடம் சொன்னபோது அக்காவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு திமிர் இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தத் திமிர் ஒரு வாரம் தாங்கவில்லை. பரணில் இருந்த பெரிய ஓவன் தட்டை எடுக்க ஏறியவள் விழுந்துவிட்டாள். எதன் மேல் ஏறினாள் என்று கேட்கிறீர்களா? கவிழ்த்த வாளியின் மேல். வீட்டில் ஒரு ஸ்டூல் கிடையாது. நாற்காலியை உருவினால் பேப்பர் கட்டு சரியும், அத்தான் ஆயிரம் கேள்வி கேட்பார். வாளி வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

எலும்பு டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "தூக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, பிசையவே கூடாதும்மா. இந்தக் கையை வெச்சுக்கிட்டு அடுப்பங்கரைப் பக்கமே போகாதீங்க. எலும்பு கோணலாச் சேர்ந்துச்சுன்னா அப்புறம் ஒரு டம்ளரைக் கூட ஒழுங்காப் பிடிக்க முடியாது."

அத்தான் கேட்ட முதல் கேள்வி, "அதுவரைக்கும் இவ உக்காந்தேதான் இருக்கணுமா?" என்பது. தண்டனை ஏதோ அவருக்கு விதித்த மாதிரி.

டீக்கடைக்காரர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. "அக்கா, புதுக் கடை திறக்கற நேரம். ஜாடி காலியா இருந்தா நல்லா இருக்காது. யாரை வெச்சுப் பண்ணுவீங்களோ பண்ணுங்க. ஆனா ருசி இதேதான் இருக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு டப்பா அனுப்புங்க, சாப்பிட்டுப் பார்க்கிறேன். சரியா வரலேன்னா ரெண்டு கடைக்கும் கேக் டீச்சர்கிட்டயே சொல்லிடுறேன். கோவிச்சுக்காதீங்க" என்றார். கேக் டீச்சர் என்பவர் பக்கத்துத் தெருவில் கேக் செய்ய வகுப்பு எடுக்கிற அம்மாள். எதைச் செய்தாலும் ரிப்பன் கட்டித்தான் அனுப்புவார்.

ஒரு டப்பா. அது சரியாக வந்தால் அக்காவுக்கு இரண்டு கடையிலும் ஜாடி. வராவிட்டால் இருக்கிற ஜாடியும் போச்சு. அக்கா தானே செய்யப் போனால் கையே போச்சு.

"நான் செய்யறேன்க்கா. நீ உக்காந்த இடத்துலேர்ந்து சொல்லு, நான் கையை மட்டும் ஆட்டறேன்" என்றேன். எனக்கு டீ போட்டாலே பாதி பொங்கி அடுப்பில் போகும். இருந்தாலும் சொன்னேன். அக்கா சரியென்று தலையாட்டினாள். அதற்குள் ஹாலிலிருந்து குரல் வந்தது.

"நான் எதுக்கு இருக்கேன்? ஒரு செக்ஷனையே மேய்ச்சவன். ஒரு கிண்ணம் மாவை மேய்க்க மாட்டேனா?"

ஞாயிறு காலை அத்தான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் இறங்கினார். நானும் உள்ளே போனேன். "நீ போய் உன் நாற்காலியில உக்காரும்மா. கூட்டம் போட்டா வேலை நடக்காது" என்று விரட்டினார். நான் பேப்பர் கட்டைத் தரையில் தள்ளிவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவிக்கொண்டு வந்து, படுக்கையறை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே கட்டிலில் அக்கா. எதிரே சமையலறை. இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிந்தது. சினிமாவுக்குக் கூட எனக்கு இவ்வளவு நல்ல இடம் கிடைத்ததில்லை.

வெண்ணெயையும் சீஸையும் மைதாவையும் கிண்ணத்தில் கொட்டி, ஏதோ பழைய பகை இருப்பது போல் போட்டுப் பிசைந்தார். அக்கா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அவ்வளவு போதும். உருட்டி, மூடி, ஃப்ரிட்ஜ்ல வைங்க. மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும்."

"எதுக்கு?"

"மாவு கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கணுங்க."

அத்தான் கையை உதறிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "மாவுக்கு என்ன ரெஸ்ட்டு? அது என்ன வேலை செஞ்சுது? பிசைஞ்சவன் நான்!"

அக்கா பொறுமையாகச் சொன்னாள், வெண்ணெயும் சீஸும் குளிர்ந்து இறுகினால்தான் தேய்க்க வரும், மடித்த மூலை பிரியாமல் இருக்கும் என்று. அவர் காதில் வாங்கினால்தானே. தன் சர்வீஸில் ரெஸ்ட் என்று கேட்டவர்களை எல்லாம் எப்படி வழிக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லிக்கொண்டே பலகையை எடுத்தார். மாவு பலகையில் ஒட்டியது. மைதாவை அள்ளித் தூவினார். கட்டையில் ஒட்டியது. இன்னும் தூவினார். கடைசியில் அவர் விரல்களில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. சதுரம் என்று அவர் வெட்டியவற்றில் நான் எல்லா வடிவத்தையும் பார்த்தேன், சதுரத்தைத் தவிர. ஜாமையும் தாராளமாக வைத்து, மூலைகளை அமுக்கி, ஓவனுக்குள் தள்ளினார்.

வெளியே வந்தபோது ஒரு மூலை கூட ஒட்டியிருக்கவில்லை. பிஸ்கட் எல்லாம் கையை விரித்துக்கொண்டு தட்டையாகக் கிடந்தது. ஜாம் வழிந்து தட்டு முழுக்கக் கருகியிருந்தது.

"ஓவன் சரியில்ல" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. நீங்க வந்ததும் பயந்துடுச்சு போல" என்றேன்.

அவர் என்னை முறைத்துவிட்டு இரண்டாவது முறை மாவு சேர்த்தார். சாமான் மூன்று தடவைக்குத்தான் இருந்தது. இந்தத் தடவை அக்காவின் பேச்சை மதித்து ஃப்ரிட்ஜில் வைத்தார். அப்பாடா என்று நான் ஒரு பத்திரிகையை எடுத்துப் பிரித்தேன். சற்று நேரத்தில் ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம். தலையைத் தூக்கிப் பார்த்தால், மாவை வெளியே எடுத்துப் பலகையில் போட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறார். பிசைந்து உள்ளே வைத்தார். மறுபடி கொஞ்ச நேரத்தில் கதவுச் சத்தம். மறுபடி பிசையல்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "என்னங்க பண்றீங்க?"

"சும்மாவே கிடந்தா கெட்டிப்பட்டுப் போயிடாதா? அப்பப்போ எழுப்பி விடறேன்."

"கெட்டிப்படணும்னுதாங்க உள்ள வைக்கிறதே!"

நான் வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். இந்த மனிதர் தூங்குகிற குழந்தையைக் கூட, தூங்குகிறாயா என்று தட்டி எழுப்பிக் கேட்பார். மாவையே சும்மா இருக்க விடாதவர் மனுஷியை எப்படி விட்டிருப்பார் என்று நினைத்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றது. அக்காவும் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தட்டு வந்தது. மூலைகள் இந்தத் தடவையும் பிரிந்துதான் இருந்தன. ஆனால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அத்தான் ஒன்றை எடுத்துக் கடித்தார். தாடை ஒரு பக்கமாகப் போய் அங்கேயே நின்றது.

"எங்க டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போடட்டுமா அத்தான்? உக்காந்தபடியே போட்டுத் தர்றேன்" என்றேன்.

அத்தானின் காது சிவந்தது. பிஸ்கட்டைத் தட்டில் போட்டார். அது கல் விழுந்த சத்தத்தோடு விழுந்தது. நேராகப் படுக்கையறைக்கு வந்தார். மத்தியானம் ஆகிவிட்டது. சாயங்காலம் டப்பா போக வேண்டும். இருப்பது ஒரு தடவைக்கான சாமான். தன்னால் ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் கொடுத்திருக்கலாம். அவருக்கு வாயில் வந்தது வாழ்நாள் முழுக்க வந்த அதே சொல்தான்.

"நீ எந்திரி."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு கை நல்லாத்தானே இருக்கு? அந்தக் கையால பிசை. முடியலேன்னா கட்டுப் போட்ட கையை லேசா அணைச்சுக்க. ஒரு தடவைதானே, ஒண்ணும் ஆயிடாது. எந்திரி."

அக்காவின் கால்கள் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கின. அந்தச் சொல்லைக் கேட்டால் அவள் கால் தானாக இறங்கும். "அக்கா, உக்காரு!" என்று கத்தினேன். "அத்தான், உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா? பிஸ்கட்டை விட மட்டமாப் போச்சா அவ கை?"

"பெரியவங்க பேசும்போது நீ நடுவுல வராத" என்றார்.

அக்கா எழுந்து பாதி நின்றிருந்தாள். நல்ல கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. அவள் சமையலறையைப் பார்த்தாள். தட்டில் கிடந்த அந்தக் கற்களைப் பார்த்தாள். பிறகு தன் கட்டைப் பார்த்தாள். அப்படியே மெதுவாக உட்கார்ந்தாள்.

"மாட்டேன்."

"என்னது?"

"நான் எந்திரிக்க மாட்டேங்க. ஜாடி போனா போகட்டும். கை போச்சுன்னா எனக்கு வேற கை கிடையாது."

அவள் குரலை உயர்த்தவில்லை. சத்தம் போட்டிருந்தால் அத்தான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார், அது அவருக்குக் கைவந்த கலை. இப்படித் தணிந்து சொன்னால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆட்டம் தெரியாத ஆள் மாதிரி நின்றார்.

"இன்னும் ஒரு தடவைக்குச் சாமான் இருக்கு. இவ பிசையட்டும். அந்த நாற்காலியை இப்படிப் போட்டு நீங்க உக்காருங்க" என்றாள் அக்கா.

"நானா?"

"நீங்கதான். நீங்க நின்னீங்கன்னா ஃப்ரிட்ஜைத் திறப்பீங்க. மாவு உள்ள இருக்கற வரைக்கும் நீங்களும் உக்காந்திருக்கணும்."

நான் என் நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவர் முழங்காலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். ரொம்ப மரியாதையாகத்தான் வைத்தேன். உட்கார்ந்தார்.

மாவு வேலை எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிசையவே வேண்டாம். எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். உருட்டி, தட்டி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். பிறகு அடுக்கிலிருந்து எனக்கும் ஒரு நாற்காலி உருவிக்கொண்டேன். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டில் அப்படி ஒரு காட்சி நடந்ததே இல்லை.

அத்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார். இரண்டு தடவை எழப் போய், அக்கா பார்த்ததும் கீழே இறங்கினார். சும்மா இருக்க முடியாதவருக்கு வாயாவது வேலை செய்ய வேண்டுமே. பழக்க தோஷம், எங்கள் இருவரிடமே ஆரம்பித்தார்.

"இப்படித்தான் அந்தக் காலத்துல பேக்கிங்ல எல்லாம் உக்காந்து உக்காந்து கை மந்தமாயிடுச்சு. ஒருத்தி மட்டும் நின்னுக்கிட்டே..."

"என் ஸ்டூலுக்கு ஒரு கால் உடைஞ்சிருந்துது" என்றாள் அக்கா.

அத்தான் நிறுத்தினார்.

"உக்காந்தா விழுந்துடுவேன். அதனாலதான் நின்னேன். வேகமாப் பண்ணினது எதுக்குன்னா, கால் வலி. சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் வெளிய போயி எங்கயாவது உக்காரலாமேன்னு."

"நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேங்க. உங்ககிட்ட வந்து, 'சார், ஸ்டூல் கால் உடைஞ்சிருக்கு, வேற குடுங்க'ன்னு கேட்டேன். 'பரவால்லம்மா, நின்னாதான் நல்லா பண்றே'ன்னீங்க. மறுநாள் வந்து பார்த்தா எல்லார் ஸ்டூலையும் காணோம். அந்தப் பொண்ணுங்க அப்புறம் எங்கிட்ட பேசவே இல்லை. நான்தான் போட்டுக் குடுத்தேன்னு நினைச்சுட்டாங்க."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. ஷீல்டு இருக்கும் பக்கம் அவர் பார்வை தானாகப் போய், அவசரமாகத் திரும்பி வந்தது. அவர் மேல் எனக்குப் பரிதாபம் வரவில்லை. வர வேண்டும் என்றும் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் அக்காவை நினைத்து.

"இத்தனை வருஷமா ஏன்க்கா சொல்லலை? ஊர்ல இருக்கறவங்ககிட்டயெல்லாம் இதைச் சொல்லிட்டே இருக்காரே, கேட்டுட்டு நிப்பியே!"

"எல்லாரும் கை தட்டிடறாங்க. அப்புறம் எங்க சொல்றது?" என்றாள்.

அத்தானின் முழங்கால் ஆடுவது நின்றுவிட்டது. நேரமானதும் அக்கா என்னை எடுக்கச் சொன்னாள். மாவு சொன்ன பேச்சைக் கேட்டது. பலகையில் ஒட்டவில்லை, கட்டையில் ஒட்டவில்லை. நான் தேய்த்து வெட்டினேன். சதுரம் சதுரமாகவே வந்தது. அக்கா எழவில்லை. நாங்கள் பலகையையும் ஜாமையும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம்.

"மூலையை நீங்க ஒட்டுங்க" என்றாள் அத்தானிடம். "விரல்ல கொஞ்சம் தண்ணி தொட்டு, ஒரு அழுத்து அழுத்தி, விட்டுடணும். விட்டப்புறம் தொடக் கூடாது."

ஒட்டினார். ஒவ்வொன்றையும் ஒட்டிவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், மறுபடி தொட்டுவிடாமல் இருக்க. அந்த ஒரு விஷயத்தில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் டப்பாவை எடுத்துக்கொண்டு நான்தான் கடைக்குப் போனேன். கல்லாவில் ரிப்பன் கட்டிய ஒரு பெட்டி எனக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் எங்கள் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். மூலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடித்தார். சர்க்கரைப் பொடி மீசையில் ஒட்டியது. இன்னொன்றும் எடுத்தார்.

"அக்கா கை வைக்கலையே?"

"அடுப்பங்கரைப் பக்கமே வரலை."

"நிஜமா?"

"என் கண்ணால பார்த்தேன். பார்க்க வேண்டிய காட்சி."

"அப்ப சரி. ரெண்டு கடைக்கும் அக்காதான்" என்று சொல்லிவிட்டு ரிப்பன் பெட்டியைப் பிரிக்காமலேயே உள்ளே வைத்தார்.

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை. ஹாலில் அக்கா ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டையும் எதிரே போட்ட இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள். மடியில் ஒரு தட்டு, அதில் கொஞ்சம் பிஸ்கட். அத்தான் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான் அவள் கொண்டாட்டம்.

அத்தானுக்கு உயிர் வந்துவிட்டது. நிலையை விட்டு நிமிர்ந்தார். திருந்திவிட்டார் என்று நினைத்திருந்தீர்களானால் உங்களுக்கு என் அத்தானைத் தெரியாது.

"பார்த்தியா? மூலை ஒட்டினது யாரு? அந்த மூலை பிரிஞ்சிருந்தா கதை கந்தல். வேலைன்னு இறங்கிட்டா நமக்கு..."

"என்னங்க" என்றாள் அக்கா.

"என்ன?"

அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்து நிதானமாகக் கடித்து, மென்று, விழுங்கினாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் டீ போடுங்க. தண்ணி கொதிக்கிற வரைக்கும் வேணும்னா நீங்க உக்காந்துக்கலாம்."